ஊசிக்கு முன் சொல்ல வேண்டியவை

(காடாம்புலியூரில் பொதுமக்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கதிரியக்கத் துறை மருத்துவனாகிய நான் அன்றாடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சி.டி. ஸ்கேன் அறை வாசலில் "டை போட்டுத்தான் எடுக்கணும்" என்றதும் நோயாளியின் மகனோ மகளோ என்னைத் தனியே அழைத்து, "டாக்டர், கிட்னி போயிடுமா?" என்று கேட்பார்கள். கையில் ஒரு படிவம் கொடுத்திருப்பார்கள். அதில் மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் இறங்குதல், மரணம் என்றெல்லாம் அச்சடித்திருக்கும். படித்தவர் பயந்து கையெழுத்துப் போடுவார். படிக்காதவர் பயத்தோடு கைநாட்டு வைப்பார். இன்னும் சிலர் "டை வேணாம், சும்மா எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு, பாதி விவரம் மட்டுமே தெரிகிற படத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அந்தப் பயத்தைக் கேலி செய்ய நான் வரவில்லை. உடம்புக்குள் என்ன போகிறது என்று கேட்பது உங்கள் உரிமை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்றைய டை மருந்தால் வரும் ஆபத்து சிறியது. சொல்ல வேண்டிய செய்தியைச் சொல்லாமல் விடுவதாலும், கேட்க வேண்டியவர் கேட்காமல் விடுவதாலும் வரும் ஆபத்துதான் பெரியது. அந்தச் செய்திகள் எவை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் இந்த டை என்பது என்ன? சாயம் என்று நினைத்துக்கொள்கிறோம். அதற்கு நிறமே கிடையாது, தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். உள்ளே இருப்பது அயோடின். உப்பு பாக்கெட்டின் மேல் போட்டிருக்கிறதே, அதே அயோடின்தான். எலும்பு எக்ஸ்-கதிரைத் தடுக்கும், அதனால் படத்தில் வெள்ளையாகத் தெரியும். ரத்தக் குழாய், ஈரல், குடல், அதில் வளர்ந்திருக்கும் கட்டி எல்லாம் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து கிடக்கும். அயோடின் கனமான தனிமம், எக்ஸ்-கதிரை நன்றாக உறிஞ்சும். ரத்தத்தில் கலந்து ஓடும்போது எங்கே ரத்த ஓட்டம் இருக்கிறதோ அங்கெல்லாம் படம் பளிச்சென்று வெளுக்கும். அடைத்திருக்கும் குழாய் எது, கட்டி எது, சீழ் எது என்று அப்போது பிரித்துச் சொல்ல முடிகிறது.

இதைக் கண்டுபிடித்த விதமும் கேட்கத் தக்கது. 1920களில் பென்சிலின் மருந்தாகப் புழக்கத்தில் இல்லை. மேகநோய்க்காரர்களுக்கு சோடியம் அயோடைடைச் சிகிச்சையாகக் கொடுத்துவந்தார்கள். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஆஸ்போர்ன் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும், அப்படி மருந்து பெற்றவர்களின் எக்ஸ்-ரேயில் சிறுநீர்ப்பை தனியாகத் தெரிவதைக் கவனித்து 1923இல் எழுதினார்கள். உடம்பு அயோடினைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது, வெளியேற்றும் வழியைப் படமாகப் பார்க்கலாம் என்பது அப்படித்தான் தெரிந்தது. 1929இல் பெர்லினில் பணியாற்றிக்கொண்டிருந்த மோசஸ் ஸ்விக் என்ற இளம் அமெரிக்க மருத்துவர், நரம்பில் செலுத்தக்கூடிய அயோடின் மருந்தைக் கொண்டு சிறுநீரகத்தைப் படமெடுத்துக் காட்டினார். 1950களில் மூன்று அயோடின் அணுக்கள் கொண்ட மருந்துகள் வந்தன. படம் நன்றாக விழுந்தது. ஆனால் நோயாளிகள் துடித்தார்கள். கால் குழாயில் செலுத்தினால் நெருப்பை ஊற்றியது போல எரிந்தது.

ஸ்வீடன் நாட்டு மால்மோ நகரில் தோர்ஸ்டென் ஆல்மேன் என்ற கதிரியக்க மருத்துவர் இந்த வேதனையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தேவனாம்பட்டினம் கடலில் முங்கி எழுந்தவர்களுக்குக் கண்ணெரிச்சல் தெரியும். ஆல்மேனும் அதையே யோசித்தார். ஸ்வீடனின் மேற்குக் கடலில் உப்பு அதிகம், அங்கே கண் எரிகிறது. பால்டிக் கடலில் உப்புக் குறைவு, அங்கே எரிவதில்லை. அப்படியானால் நோயாளியை வதைப்பது அயோடின் இல்லை, மருந்தின் அடர்த்தியாக இருக்கலாம். பழைய மருந்துகளின் அடர்த்தி நம் ரத்தத்தின் அடர்த்தியைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. ரத்த அணுக்களிலிருந்தும் குழாய்ச் சுவரிலிருந்தும் அது நீரை உறிஞ்சி இழுத்தது. நீரில் கரைந்தும் மின்னூட்டத் துகள்களாகப் பிரியாத அயோடின் மருந்தைச் செய்தால் அடர்த்தி பாதியாகும் என்று 1969இல் எழுதினார். நார்வே நாட்டு மருந்து நிறுவனம் ஒன்று அவரோடு சேர்ந்து வேலை செய்தது. 1982இல் ஐயோஹெக்சால் சந்தைக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்று அது இருக்கிறது. நோயாளியின் முனகலைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரு மருத்துவரால் வந்த மாற்றம் இது. நான் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது இதைச் சொல்லாமல் தொடங்குவதில்லை.

மாற்றத்தின் அளவு என்ன? ஜப்பானில் கதயாமா குழுவினர் 3,37,000க்கும் அதிகமானோரைக் கவனித்து 1990இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய மருந்தில் 100க்குச் சுமார் 13 பேருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு வந்தது. புதிய வகையில் 3 பேருக்கு. கடுமையான விளைவு பழையதில் 10,000 பேரில் 22 பேருக்கு, புதியதில் 4 பேருக்கு. நீங்கள் கேள்விப்பட்ட பயமுறுத்தும் கதைகள் பல பழைய மருந்துக் காலத்தவை. இருந்தாலும் 10,000க்கு 4 என்பது பூஜ்யம் இல்லை. அந்த நான்கு பேரில் ஒருவர் நம் வீட்டுக்காரராக இருந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் இனிமேல் பேச்சு.

டை ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும். வாயில் இரும்புச் சுவை தட்டும். சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும், போயிருக்காது. ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். இது பெரும்பாலோருக்கு வரும் இயல்பான உணர்வு. முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் பயப்படுவதில்லை. சொல்லாமல் விட்டால் உள்ளே தனியாகப் படுத்திருப்பவர் உயிர் போகிறதென்று நினைத்துக்கொள்வார், அசைந்துவிடுவார், படமும் கெடும்.

உடனே வாய்திறந்து சொல்ல வேண்டியவை வேறு. அரிப்பு, உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்புதல், முகமோ உதடோ வீங்குதல், தொண்டை அடைத்துக் குரல் மாறுதல், மூச்சு இழுத்தல், கண் இருட்டிக்கொண்டு வருதல். இவற்றில் எது வந்தாலும் கூச்சப்படாமல் குரல் கொடுங்கள். கடுமையான விளைவுகள் பெரும்பாலும் முதல் 20 நிமிடத்துக்குள் தலைகாட்டிவிடும். அதனால்தான் ஸ்கேன் முடிந்த பிறகும் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறோம், கையிலிருக்கும் ஊசிக்குழாயை உடனே எடுப்பதில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, பிடுங்கி விடுங்க" என்று அவசரப்படுத்தாதீர்கள். கடுமையான விளைவு வந்தால் உயிர் காக்கும் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் ஊசி, விலை குறைவு, தாமதமில்லாமல் போட்டால் பெரும்பாலோர் தப்பித்துவிடுவார்கள். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் அட்ரினலினும் ஆக்ஸிஜனும் அதைக் கையாளத் தெரிந்த மருத்துவரும் இருக்கிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கோபப்படுகிற இடத்தில் டை போட்டுக்கொள்ளாதீர்கள் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன்.

அடுத்து, யாருக்கு இந்த விளைவு வர வாய்ப்பு அதிகம்? முன்பு ஒருமுறை இதே வகை மருந்துக்கு ஒவ்வாமை வந்தவருக்கு. மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதற்கடுத்து ஆஸ்துமாக்காரர்கள், வேறு கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. "அலர்ஜி உண்டா?" என்று அவசரமாகக் கேட்டால் நம் ஆட்கள் "இல்லை" என்று தலையாட்டிவிடுகிறார்கள். ஆகவே நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். எந்த ஊசிக்காவது மாத்திரைக்காவது உடம்பு தடித்ததா, முகம் வீங்கியதா, மயங்கி விழுந்தீர்களா, குளிர் காலத்தில் இழுப்பு வருகிறதா, பம்பு இழுக்கிறீர்களா? முந்திரி ஓட்டுப் பாலால் கை வெந்து தோல் உரிகிற தாய்மார்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதைக் காரணம் காட்டி டை ஊசியைத் தவிர்க்க வேண்டியதில்லை. அந்தப் புண் ஓட்டு எண்ணெயின் காரத்தால் தோலில் வருவது.

இறால் விஷயத்துக்கு வருகிறேன். "இறால், நண்டு ஒத்துக்காது, அதனால டை கூடாதுன்னு சொன்னாங்க" என்று கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் கேட்டிருக்கிறேன், மருத்துவம் படித்தவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். 1975இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பில், டைக்கு விளைவு வந்தவர்களில் சிலர் கடல் உணவு ஒத்துக்கொள்ளாதவர்களாக இருந்தார்கள். ஏறக்குறைய அதே அளவுக்குப் பாலும் முட்டையும் ஒத்துக்கொள்ளாதவர்களும் அதில் இருந்தார்கள். பாலையும் முட்டையையும் எல்லோரும் மறந்துவிட்டார்கள், இறால் மட்டும் ஒட்டிக்கொண்டது. கடல் உணவில் அயோடின் இருக்கிறது, டையிலும் அயோடின் இருக்கிறது, ஆகவே இரண்டும் ஒன்று என்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள். இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதன் தசையிலிருக்கும் ஒரு புரதம். அயோடின் யாருக்கும் ஒவ்வாமை தராது, அது இல்லாமல் நம் தைராய்டு வேலை செய்யாது. காயத்துக்குப் போடும் பெட்டாடின் எரிந்தது என்பதும் இதே கதைதான். கடலோர மாவட்டத்தில் இந்தத் தவறான நம்பிக்கையால் எத்தனை பேர் தேவையான பரிசோதனையை இழந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

டெஸ்ட் டோஸ் என்று தோலில் ஒரு சொட்டுப் போட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். சொட்டுக்கு ஒன்றும் ஆகாதவருக்கு முழு மருந்தில் விளைவு வரலாம். அந்தச் சொட்டுக்கே கடுமையான விளைவு வந்ததும் உண்டு. "டெஸ்ட் போட்டாச்சு" என்ற நிம்மதியில் அரை மணி நேரக் காத்திருப்பைக் கைவிட்டால் அந்தச் சோதனையே ஆபத்தாகிவிடும்.

சரி, முன்பு விளைவு வந்தவர் மறுபடி எடுக்கவே கூடாதா? எடுக்கலாம். அப்போது கொடுத்தது எந்த மருந்து என்று தெரிந்தால் வேறு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தேவைப்பட்டால் ஸ்டீராய்டு மாத்திரைகளை முதல் நாளே தொடங்கி உரிய இடைவெளியில் கொடுக்கலாம். ஐயோஹெக்சால், ஐயோபமிடால், ஐயோபுரோமைடு, ஐயோடிக்சனால் என்று பல இருக்கின்றன. ஆனால் நோயாளி கையில் இருப்பது "டை அலர்ஜி" என்ற இரண்டே சொல். எந்த டை, எத்தனை மில்லி, என்ன விளைவு, எவ்வளவு நேரத்தில் வந்தது, என்ன கொடுத்துச் சரியாயிற்று? எதுவும் இருக்காது. ஸ்கேன் படத்தைப் பத்திரமாகப் பரணில் வைத்திருப்பார்கள், இந்த ஐந்து விவரங்கள் எங்கும் எழுதப்பட்டிருக்காது. எழுதிக் கொடுக்க வேண்டியது எங்கள் கடமை. எழுதித் தராவிட்டால் விடாமல் கேட்டு வாங்குங்கள்.

இப்போது நீங்கள் எல்லோரும் காத்திருக்கும் சிறுநீரகம். நூறு மில்லி டையில் சுமார் 30 கிராம் அயோடின் இருக்கும். ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். அந்தக் கணக்கில் ஐநூறு வருடத்துக்கும் மேல் வரும் அயோடின்! ஆனால் அது மூலக்கூறுக்குள் இறுகப் பிணைந்திருக்கிறது. உடம்பு அதைப் பயன்படுத்துவதில்லை. சிறுநீரகம் அப்படியே வடித்துத் தள்ளுகிறது. நல்ல சிறுநீரகம் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியை வெளியேற்றிவிடும், ஒரு நாளில் ஏறக்குறைய முழுவதும் போய்விடும்.

டை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் முன்பு எங்களுக்கே அதிகமாக இருந்தது. கடுமையான நோயோடு வருகிறவருக்குத்தானே ஸ்கேன் எடுக்கிறோம், அந்த நோயே சிறுநீரகத்தைப் பாதிக்கும். டை போடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பழியில் பெரும்பகுதி நோயினுடையது என்று புரிந்தது. 2020இல் அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியும் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் சேர்ந்து ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. இஜிஎஃப்ஆர் என்ற சிறுநீரக வடிகட்டும் அளவு 30க்குக் கீழே இருப்பவர்களுக்கும், சிறுநீரகம் திடீரென்று பழுதாகிக்கொண்டிருப்பவர்களுக்கும்தான் முக்கியமாகக் கவனம் தேவை என்றது அந்த அறிக்கை. அவர்களுக்கும் டையே கூடாது என்றில்லை. முன்னும் பின்னும் நரம்பு வழியே சலைன் ஏற்றி, வேண்டிய குறைந்த அளவு டை கொடுத்து எடுக்கலாம்.

ஆய்வகச் சீட்டில் கிரியேட்டினின் மட்டும்தான் இருக்கும். அதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. கிரியேட்டினின் 1.4 என்று வைத்துக்கொள்வோம். 25 வயது இளைஞருக்கு அது இஜிஎஃப்ஆர் சுமார் 71. அதே 1.4 எழுபத்தைந்து வயது பாட்டிக்கு என்றால் சுமார் 39தான். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சொல்லும்படி கேளுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு கவலை எனக்கு உண்டு. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியும் நம்மைப் போலவே முந்திரியும் பலாவும் விளைகிற பூமி. அங்கேயும், இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போவதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். கடும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பதையும் காரணங்களில் ஒன்றாகச் சந்தேகிக்கிறார்கள். நம் பகுதியில் அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் முந்திரித் தோப்பில் நிற்பவர்கள் நாம். இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் வலி மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குபவர்களும் நாம்தான். அந்த மாத்திரைகளில் பல சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. இந்த நிலையில் ஒருவர் ஸ்கேனுக்கு எப்படிப் போகிறார்? முதல் நாள் இரவே சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார். "வெறும் வயித்துல வரச் சொன்னாங்க" என்று தண்ணீரும் குடிப்பதில்லை. விடியற்காலை பண்ருட்டி போய் பஸ் மாறி, ஜிப்மரிலோ கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்த அரசு மருத்துவமனையிலோ வரிசையில் நிற்கிறார். மதியம் முறை வரும்போது நாக்கு உலர்ந்திருக்கிறது. ஸ்கேன் முடிந்ததும் மயக்கமாக வருகிறது. பழி டை மேல் விழுகிறது.

வேறு காரணம் சொல்லித் தடுத்தாலொழிய தண்ணீர் குடியுங்கள். இன்றைய மருந்துகளுக்கு நீண்ட நேரப் பட்டினி தேவையில்லை என்று ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. வயிற்று ஸ்கேனுக்கோ மயக்க மருந்துக்கோ சில மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்லலாம். அப்போதும் "தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதயம் பலவீனமானவர்களும் டயாலிசிஸ் செய்பவர்களும் மட்டும் தங்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம். வலி மாத்திரையை முன்பின் சில நாட்கள் விட்டுவிடுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் வந்த பிறகு சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்த மாத்திரையால் சிறுநீரகத்துக்குக் கெடுதல் இல்லை. சிறுநீரகம் திடீரென்று நின்றுபோனால் மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கி ரத்தத்தில் அமிலம் ஏறக்கூடும், அதுதான் பிரச்சினை. சிறுநீரகத்தின் செயல்திறன் மிகவும் குறைந்தவர்கள் ஸ்கேன் அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிரியேட்டினின் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். மற்றவர்களில் யார் நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் சொல்வார். ஸ்கேனுக்குப் போகிறோம் என்று தாங்களாகவே நிறுத்தி, பிறகு தொடங்க மறந்து, சர்க்கரை நானூறில் வந்து நிற்பவர்களைப் பார்க்கிறேன். அதைச் செய்யாதீர்கள்.

தாய்ப்பால் கொடுக்கும் பெண்கள் ஒரு நாள் முழுக்கப் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டியதில்லை. பாலில் இறங்குவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, அதிலும் குழந்தையின் குடல் ஏற்பது நூற்றில் ஒரு பங்கு. கர்ப்பம் இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய் இருந்தாலும், தைராய்டுக்கு அணு மருந்துச் சிகிச்சை பெறப் போவதாக இருந்தாலும் சொல்லுங்கள். டை போட்ட பிறகு சில வாரங்களுக்கு அந்தச் சிகிச்சை சரியாக எடுக்காது.

டை தேவையே இல்லாத ஸ்கேன்களும் உண்டு. சிறுநீரகக் கல், தலையில் அடி, நுரையீரலின் நுண்படம் இவற்றுக்குப் பெரும்பாலும் டை வேண்டாம். "எதற்காக டை?" என்று கேட்டால் மருத்துவர் ஒரே வரியில் பதில் சொல்ல முடிய வேண்டும். புற்றுநோய், குழாய் அடைப்பு, ஈரல் கட்டி என்று பதில் வந்தால் தயங்காதீர்கள். விபத்திலும் பக்கவாதத்திலும் ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க நேரம் இருக்காது. அங்கே மருத்துவரின் முடிவை நம்புங்கள்.

ஸ்கேனுக்குப் பிறகு ஊசி போட்ட கை வீங்கி வலித்தால் மருந்து குழாய்க்கு வெளியே கசிந்திருக்கலாம். கையை உயர்த்தி வைத்துச் சொல்லுங்கள். விரல் மரத்தாலோ தோல் கொப்பளித்தாலோ உடனே திரும்பி வாருங்கள். ஒரு வாரம் வரைக்கும் தோலில் தடிப்பு வரலாம். பெரும்பாலும் தானே அடங்கும், ஆனால் அதையும் குறித்து வைக்க வேண்டும்.

எங்கே குறிப்பது? நாட்டில் மருந்துகளின் பக்கவிளைவுகளைச் சேகரிக்க 2010 முதல் ஒரு கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்துநூல் ஆணையம் அதை நடத்துகிறது. ஜிப்மரில் அதற்கு மையம் உண்டு. மருத்துவர்தான் எழுத வேண்டும் என்றில்லை. நோயாளியோ உறவினரோ 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். பொதுமக்களுக்கான படிவமும் இருக்கிறது. மருந்தின் பெயர், பாட்டில் மேலிருக்கும் தொகுதி எண், போட்ட தேதி, வந்த விளைவு, அது வந்த நேரம் இவ்வளவும் இருந்தால் போதும். பாட்டிலைத் தூக்கி எறிவதற்கு முன் செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஊழியரிடம் கேளுங்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். தாய்மார்களிடமிருந்து தொடங்குவோம்.